நரிமேல் பொறாமைப்பட்ட லிஃப்ட்காரர்

பூமி சுற்ற ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை பொறாமைப்பட்டவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தால், அந்த வரிசை நிலாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து பால் கடை வாசலில் முடியும். அதில் முதல் ஆளாக, மாலை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியவர் லிஃப்ட்காரர். ராஜாக்கள் பக்கத்து ராஜாவின் நாட்டைப் பார்த்து வயிறெரிந்தார்கள். பாட்டுக்காரர்கள் அடுத்தவர் தொண்டையைப் பார்த்து எரிந்தார்கள். அதெல்லாம் சில்லறைப் பொறாமை. லிஃப்ட்காரர் ஒரு நரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். பார்த்து என்று சொல்வதுகூடத் தப்பு, ஏனென்றால் அதை அவர் பார்க்கவே இல்லை. அது அவர் மனைவியின் கனவில் வந்த நரி.

மற்றபடி அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. எதிர்வீட்டுக்காரர் புது வண்டி வாங்கியபோது முதல் ஆளாகப் போய் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கொடுத்தவர். கூடப் படித்தவன் எங்கேயோ பெரிய ஆளாகிப் படம் அனுப்பினால், “தொப்பை போட்டுட்டான், நல்லா இருக்கான் போல” என்று சந்தோஷப்படுகிறவர். அப்படிப்பட்ட மனிதருக்குள் இவ்வளவு பொறாமை எங்கே மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பழைய கட்டிடங்களின் லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மொட்டை மாடியில் மோட்டார் அறை, அடியில் குழி, நடுவில் எண்ணெய் குடித்த இரும்புக் கயிறு. கயிற்றின்மேல் பழைய துணியை வைத்து மெல்ல ஓடவிடுவார். துணியின் நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கதவு மூடும்போது வருகிற சத்தத்தை வைத்தே அது எந்த மாடியில் முரண்டு பிடிக்கிறது என்று சொல்வார். ஆனால் அவர் பேர் வாங்கியது கையால் இல்லை, வாயால்.

கரண்ட் போய் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், லிஃப்ட்காரர் முதலில் கருவியை எடுக்கமாட்டார். கதவில் வாயை வைத்துப் பேச ஆரம்பிப்பார். “நான் இங்கதான் நிக்கிறேன். எங்கயும் போகமாட்டேன். ஒண்ணும் ஆகாது. இந்த லிஃப்ட்டு இருக்கே, இது ஒரு சோம்பேறி, ஆனா நல்லவன்” என்று தொடங்கி, அந்த லிஃப்ட்டின் வரலாறு, அதில் மாட்டிக்கொண்ட மற்றவர்களின் வரலாறு, அவர்களில் இருவர் பிறகு கல்யாணம் செய்துகொண்ட கதை என்று நிறுத்தாமல் போகும். கை மோட்டார் அறையில் இருந்தாலும் குரல் லிஃப்ட் ஓடுகிற குழாய் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். “பெட்டிக்குள்ள மாட்டினவனுக்குக் காத்து தானா வந்துடும். பேச்சுதான் நாம குடுக்கணும்” என்பார். அவர் பேசுகிற வேகத்தில் காற்றுக்கு இடம் கிடைத்தால் சரி.

அவர் மனைவிக்கு பஸ் டிப்போவின் பார்சல் ஆபீசில் வேலை. பொட்டலத்தைத் தராசில் ஏற்றி, சீட்டு ஒட்டி, எந்த வண்டிக்கு என்று கத்த வேண்டும். எல்லோரும் அவரைப் பார்சலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இவர்களுக்கு ஒரே மகள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டுவது, அழைப்பு மணியை அடித்துவிட்டு ஒளிந்துகொள்வது போன்ற உயர்கல்வியில் இறங்கியிருந்தாள். பெயர் வாலு.

போன மழைக்காலத்தில் பார்சலம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. முகத்தில் ஆக்சிஜன் மூடி. கண் பாதி திறந்திருக்கும், ஆனால் ஆள் அங்கே இல்லை. லிஃப்ட்காரர் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேச ஆரம்பித்தார். நர்ஸ் வந்து, “ஐயா, அவங்களுக்கு ஓய்வு வேணும்” என்றாள்.

“தாராளமா எடுக்கட்டும்மா. நான் பேசிக்கிட்டு மட்டும்தான இருக்கேன்.”

பகல் பூராவும் பேசினார். தூங்கும்போதும் பேசினார் என்று பக்கத்துக் கட்டில்காரர் புகார் கொடுத்தார். பார்சலம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

உடம்பு வந்துவிட்டது, பயம் போகவில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போடமாட்டார். படுத்தால் கையை நெஞ்சின்மேல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பார். தராசில் பெரிய பொட்டலத்தை ஏற்றும்போது நடுவில் நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார். லிஃப்ட்காரர் தினமும் பத்து தடவை, “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்பார். “இருக்கேன்” என்பார்.

பிறகு ஒரு காலையில் அந்தப் பயம் வீட்டில் இல்லை. தாழ் போட்டுக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு டீ குடிக்க வந்து உட்கார்ந்தார் பார்சலம்மா. இந்த வீட்டில் முதல் டீயோடு கனவைச் சொல்லிவிடுவது வழக்கம். டீ ஆறினால் கனவும் ஆறிவிடும் என்று ஒரு கணக்கு.

“ஆஸ்பத்திரில இருந்தப்பவே வந்துச்சுங்க. அப்ப சொல்லத் தெம்பில்ல. இன்னிக்கு மறுபடியும் வந்துச்சு.”

“என்ன வந்துச்சு?”

“நரி.”

லிஃப்ட்காரர் கிளாசைக் கீழே வைத்தார்.

“கூரை இல்லாத ஒரு வீடு. நான் தரையில படுத்திருக்கேன், எழுந்திரிக்க முடியல. நரி உள்ள வந்து என் தலைமாட்டுல உக்காந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு. அது இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நல்லாத் தெரிஞ்சுது.”

“எங்க உக்காந்துச்சு?”

“தலைமாட்டுல.”

“ஏதாவது பேசுச்சா?”

“நரி எங்கயாவது பேசுமா? சும்மா இருந்துச்சுங்க. அதுதான் நல்லா இருந்துச்சு.”

வாலுவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. “அப்பா, உன் ஸ்டூல்ல நரி உக்காந்துடுச்சு” என்று இருமலுக்கு நடுவில் சொன்னாள். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. தலைமாடு அவருடைய இடம். ஸ்டூலின் ஒரு கால் ஆடும், அதற்கு மருந்து அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தவர் அவர். இரவும் பகலும் அங்கே உட்கார்ந்து தொண்டை கட்டிப்போனவர் அவர். மனைவியை இந்தப் பக்கம் இழுத்துக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், அவள் கை நரியைக் காட்டுகிறது. பேசாத நரியை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கனவுதானே, நாலு நாளில் மறந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். நரி அந்த மரியாதையைக்கூடக் கொடுக்கவில்லை. நிஜமாகவே வந்தது.

பார்சல் ஆபீசின் பின்னால் உடைந்த சுவர் ஒன்று. அதைத் தாண்டினால் ஆள் உயரத்துக்கு நாணல் வளர்ந்த சதுப்பு. பழைய டயர்களைக் கொட்டுவதற்கு மட்டும் யாராவது அந்தப் பக்கம் போவார்கள். விடியற்காலை முதல் வண்டிக்குப் பொட்டலம் ஏற்றிவிட்டு, காற்று வாங்கச் சுவர் ஓரம் போன பார்சலம்மா அதைப் பார்த்திருக்கிறார். நாணலுக்கு நடுவில் நின்றதாம். பார்த்ததாம். போனதாம்.

“அதேதாங்க.”

“அதேன்னா? அடையாள அட்டை காட்டுச்சா?”

“பாத்தவுடனே தெரியாதா?”

“பாத்து என்ன பண்ணினே? கும்பிட்டியா?”

பார்சலம்மா கொஞ்சம் யோசித்தார். “கும்பிடணும்னு தோணல. கையில இருந்த பொட்டலத்தைக் கீழ வைக்கணும்னு தோணுச்சு. வெச்சேன்.” பிறகு டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆபீசுல என்னைப் பாக்கிறவங்க எல்லாம் பொட்டலம் வந்துச்சான்னு பாக்கிறாங்க. டாக்டர் எக்ஸ்ரேயைத்தான் பாத்தாரு. வீட்டுல நீங்க, எப்படி இருக்குன்னு பாக்கிறீங்க. அது எதையும் கேக்கலங்க. பொழச்சுக்கிட்டியான்னுகூடக் கேக்கல. நான் உயிரோட நிக்கிறது அதுக்குப் போதும். அப்படிப் பாத்துச்சு. இத்தனை வருஷம் எங்கெங்கயோ போய்க் கண்ண மூடிக்கிட்டு நின்னிருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சதில்ல.”

லிஃப்ட்காரருக்கு இதில் காதில் விழுந்தது ஒன்றுதான். எப்படி இருக்கு என்று தினமும் பத்து தடவை கேட்கிற ஆளைவிட, ஒரு தடவையும் கேட்காத பிராணி மேலாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து பார்சலம்மா வேலைக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்ப ஆரம்பித்தார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. பொட்டலக்காரர்கள் கத்தினால் பதிலுக்குக் கத்துவதில்லை. வாலு கொட்டிய உப்பு டீயைக்கூட முழுசாகக் குடித்துவிட்டு, “இன்னிக்கு வேற மாதிரி இருக்கு” என்றார். வாலுவுக்குத் தொழிலே கெட்டுப்போனது.

லிஃப்ட்காரர் இளைத்தார். மனைவியின் புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த நாணல் பூவை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அது ஆணா பொண்ணா?” என்று ஒருநாள் கேட்டார். “நான் போய்க் கேக்கவா முடியும்?” என்றார் பார்சலம்மா. “பாத்தா எப்படி இருக்கும்? அழகா இருக்குமா?” “நரி மாதிரி இருக்கும்ங்க.” “எண்ணெய் வாடை ஏதாவது அடிச்சுதா? கனவுல?” இதை அவர் வெகு சாதாரணமாகக் கேட்பது போல, செருப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஒருவேளை அந்த நரி தானாகவே இருக்கலாம், கனவு வேஷம் மாற்றிக் காட்டியிருக்கலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

“இல்ல. ஈர மண் வாடை.”

செருப்பு அன்று ரொம்ப நேரம் துடைக்கப்பட்டது.

“நரி மொகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்னு சொல்றாங்க. இத்தனை வருஷமா என் மொகத்துலதான முழிச்சே, அதுக்கு ஒண்ணும் சொல்லக் காணோம்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மனைவி சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை.

பொறாமை வேலையிலும் இறங்கியது. ஒருநாள் ஆபீஸ் கட்டிடத்தின் லிஃப்ட்டில் பல் டாக்டர் மாட்டிக்கொண்டார். லிஃப்ட்காரர் வழக்கம்போலக் கதவில் வாயை வைத்தார். “ஒண்ணும் ஆகாது டாக்டர், நான் இங்கதான் நிக்கிறேன்” என்று சரியாகத்தான் ஆரம்பித்தார். “நான் இப்படி நிக்கிறதுக்கு யாரும் மதிப்புக் குடுக்கிறதில்ல, அது வேற விஷயம். நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் உக்காந்து உக்காந்து முதுகு ஒடஞ்சு போறான். இன்னொன்னு எங்கயோ காட்டுல இருந்து வருது, உக்காருது, பாக்குது. பேரு அதுக்குப் போகுது. நியாயமா?”

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. “யாரு வந்தது?”

“நரி.”

“லிஃப்ட்டுக்குள்ளயா?”

“கனவுக்குள்ள டாக்டர். என் சம்சாரத்தோட கனவுல.”

“ஐயா, முதல்ல என்னை வெளிய எடுங்க. நரியைப் பத்தி அப்புறம் உக்காந்து பேசலாம். தேவைப்பட்டா பல்லைக்கூட நான் பாக்கிறேன்.”

கதவு திறந்தபோது பல் டாக்டருக்கு வியர்த்திருந்தது. பேச்சால் வியர்வையை நிறுத்துகிற மனிதர், முதல் தடவையாகப் பேச்சால் வியர்க்க வைத்திருந்தார்.

கடைசியில் லிஃப்ட்காரர் வெட்கத்தை விட்டு மனைவியிடம், “என்னையும் கூட்டிக்கிட்டுப் போயேன்” என்று கேட்டார். பார்சலம்மா உடனே சரி என்றார். அது அவருக்கு இன்னும் வலித்தது. கொஞ்சம் மறுத்திருந்தால் தனக்கும் நரிக்கும் ஏதோ போட்டி இருக்கிறது என்றாவது ஆகியிருக்கும்.

விடியலில் இருவரும் உடைந்த சுவரில் உட்கார்ந்தார்கள். நாணல் நுனிகள் சாம்பல் நிறத்திலிருந்து மெல்லப் பச்சைக்கு வந்துகொண்டிருந்தன. எங்கோ ஒரு தவளை, பிறகு அதுவும் இல்லை. பார்சலம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். லிஃப்ட்காரரால் முடியவில்லை. அமைதி என்பது அவர் தொழிலில் பழுது. எங்கே சத்தம் இல்லையோ அங்கே ஏதோ நின்றுபோயிருக்கிறது.

“எந்தப் பக்கமா வரும்?” என்றார் ரகசியமாக.

“ஷ்.”

“இல்ல, தெரிஞ்சா அந்தப் பக்கம் பாக்கலாமேன்னு.” கொஞ்ச நேரம். “இந்தச் சுவரை யாரு இப்படி இடிச்சது?” கொஞ்ச நேரம். “டயர் எல்லாம் நல்ல டயரா இருக்கே.”

நரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாவது நாள் பார்சலம்மா தலை வாரிக்கொண்டே, ரொம்ப மெதுவாக, யாரையும் குத்தாத குரலில் சொன்னார். “நாளைக்கு நான் மட்டும் போய்ட்டு வர்றேங்க.”

யாரையும் குத்தாமல் சொன்னது எல்லா இடத்திலும் குத்தியது.

நேர் வழி அடைபட்டால் லிஃப்ட்காரர் வேறு வழி பார்ப்பார். கனவு வழியாகப் போய்விடலாம் என்று முடிவு செய்தார். சீக்கிரம் படுத்தார். இடது பக்கம் திரும்பிப் படுத்தார். தலையணையை மாற்றினார். கனவில் வந்ததெல்லாம் ஓடாத லிஃப்ட்டுகளும், சாவியைத் தொலைத்த காவலாளியும்தான். ஒரு காலையில் பொறுக்க முடியாமல், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி அறிவித்தார்.

“எனக்கும் வந்துச்சு.”

பார்சலம்மாவின் முகம் மலர்ந்தது. “நெஜமாவா? அதே வீடா?”

“அதே வீடு. கூரையே இல்ல. வந்து நேரா என் பக்கத்துல உக்காந்துச்சு.”

“காது எப்படி இருந்துச்சு? கிழிஞ்சிருந்துச்சே, அது எந்தக் காது?”

லிஃப்ட்காரர் ஒரு நொடி யோசித்தார். வாலுவைப் பார்த்தார். வாலு தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“இடது காது” என்றார் உறுதியாக.

பார்சலம்மா கிளாஸ்களை ஒன்றாக அடுக்கினார். “ஒரு காதும் கிழியலைங்க” என்றார். எழுந்து போகும்போது அவர் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, “உங்களுக்கு வந்தது வேற நரி போல” என்றார்.

திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தோளைத் தொட்டால் மனிதன் என்ன செய்வான்? அன்று வேலைக்குப் போகும்போது அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே தெரு முனைவரை தள்ளிக்கொண்டு போனார். பின்னாலிருந்து பார்த்தால் அவர் முதுகு மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. அதைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும், இந்த மனுஷனுக்கு ஒரு நரியைக் கொடுத்துத் தொலைக்கக் கூடாதா என்று நினைத்திருப்பார்கள்.

நினைத்தது நரிக்குக் கேட்டிருக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில் அது வீட்டுக்கே வந்தது.

பின்கதவைத் திறந்த லிஃப்ட்காரர் அப்படியே நின்றார். தண்ணீர்த் தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில், ஈர மண்ணில், காலடிகள். உள்ளங்கால் மேடு ஒன்று, விரல்கள் நாலு, நக நுனிகள் கீறிய அடையாளம்கூட இருந்தது. வாசல்வரை வந்திருந்தது. கதவுக்கு முன்னால் நின்றிருந்தது. திரும்பிப் போயிருந்தது. எப்போது வந்தது, ஏன் தட்டாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. நரிகள் அப்படித்தான்.

“ஏம்மா, இங்க வா. மெதுவா வா. மிதிச்சுடாதே.” துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து நல்ல காலடி ஒன்றின்மேல் கவிழ்த்துவைத்தார், காக்காய் கலைத்துவிடுமாம். பார்சலம்மா வந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, தொட்டி ஓரத்தில் இதுவரை எந்தக் காலையிலும் இல்லாத அக்கறையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்த வாலுவைப் பார்த்தார்.

“ம்” என்றார். “வந்திருக்கு போலத்தான்.”

“என்னைத் தேடி வந்திருக்கு” என்றார் லிஃப்ட்காரர். “நீ தூங்கிட்டு இருந்தே. முதல்ல கதவைத் திறந்தது நான்.”

அன்றைக்கு அவர் போன கட்டிடங்களில் எல்லாம் லிஃப்ட்டுகள் தாமாகவே ஓடின என்று சொல்ல வேண்டும். பல் டாக்டரைப் படிக்கட்டில் பார்த்து, “வந்துடுச்சு டாக்டர்” என்றார். டாக்டர் படிக்கட்டிலேயே ஏறிப் போனார். சாயங்காலம் வேலை முடிந்ததும் லிஃப்ட்காரர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. அழைப்பு வந்தாயிற்று, போகாமல் இருந்தால் மரியாதை இல்லை. அதோடு அந்த நரியிடம் நேருக்கு நேர் கேட்கவேண்டியதும் ஒன்று இருந்தது.

பார்சல் ஆபீசின் பின்னால் யாரும் இல்லை. வெயில் சாய்ந்து நாணல் முழுக்கச் செம்பு நிறத்தில் இருந்தது. அவர் சுவரில் உட்கார்ந்து, வருமோ வராதோ என்று பார்க்காமல், நேராக நாணலிடமே ஆரம்பித்தார்.

“இதோ பாரு. நீ உக்காந்தது நான் உக்காந்திருந்த இடம். அந்த ஸ்டூலுக்கு முட்டுக் குடுத்தது நான். நீ வந்து சும்மா பாத்தே. பாக்கிறதுக்கு யாரால முடியாது?”

நாணல் ஓரமாகப் பிரிந்தது. நரி வெளியே வந்தது.

அவர் நினைத்து வைத்திருந்த நரியில் பாதிகூட அது இல்லை. ஒல்லி. கால்கள் முழங்கால்வரை சேற்றில் நனைந்து கறுப்பாக இருந்தன. விலாவில் ஒரு முள்ளுக்காய் ஒட்டியிருந்தது. இதைப் பார்த்தா இத்தனை நாள் எரிந்தோம் என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது. அது ஓடவில்லை. ஒரு டயரின் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

“ஒண்ணும் ஆகாது” என்றார், பழக்க தோஷத்தில். “நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்.” நரி பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும், அது எந்தப் பெட்டியிலும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதும் நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் இந்த வார்த்தை யாருக்கு? ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மூடிக்குப் பின்னால் கண் பாதி மூடிக் கிடந்தவளுக்குச் சொன்னதாகத்தான் அவர் இவ்வளவு நாள் நினைத்திருந்தார். பேச்சை நிறுத்தினால் அந்த மூச்சுச் சத்தம் கேட்கும், அது அடுத்து வருமா வராதா என்று காத்திருக்க வேண்டும், அதைத் தாங்க முடியாமல் ஒருவன் தலைமாட்டில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். மாட்டிக்கொண்டது அவன். வெளியிலிருந்து பேசியவனும் அவனே.

பேச்சு நின்றது. அவராக நிறுத்தவில்லை, அது தானாகத் தீர்ந்துபோனது. நரி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பயந்தியா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த கருவிப் பையைக் கீழே வைத்தார். பிறகு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். வெயில் டயரைத் தாண்டி இறங்கியதும் அது எழுந்து, அவசரம் இல்லாமல் சேற்றைக் கடந்து போய்விட்டது.

வீட்டில் பார்சலம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார். நரியைப் பார்த்ததைச் சொல்லவில்லை. வெகு நேரம் அவர் எதையும் சொல்லாததால் மனைவிக்குக் கவலையாகி, “உடம்புக்கு ஏதாவதா?” என்றார்.

“இல்ல. அந்தக் கனவுல நரியைத் தவிர வேற என்ன இருந்துச்சு?”

இதை அவர் இதுவரை கேட்டதே இல்லை. நரிக்குக் காது எத்தனை, வாடை என்ன என்பதோடு விசாரணையை முடித்துக்கொண்டவர்.

“வேற என்ன. வீடு. தரை. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க பேசிக்கிட்டு இருப்பீங்க.”

துண்டு கையில் நின்றது. “நானா?”

“ஆமா. கயிறு, மோட்டார், மூணாவது மாடின்னு என்னமோ ஓயாம. ஒண்ணும் புரியாது. அது நிக்காம ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் நரி அசையாம உக்காந்திருக்கும். எப்பவாவது நீங்க தண்ணி குடிக்க நிறுத்தினா, அது எழுந்து வாசலைப் பாக்கும். எனக்குப் பக்குன்னு இருக்கும். மறுபடி ஆரம்பிச்சுடுவீங்க. அது உக்காந்துடும்.”

“இதை ஏம்மா நீ சொல்லவே இல்ல?”

“இதுல சொல்ல என்ன இருக்கு? வீட்டுல ஃபேன் ஓடுதுன்னு யாராவது சொல்லுவாங்களா?”

லிஃப்ட்காரர் துண்டை மடித்து முடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். முகத்தில் சந்தோஷம் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் பொறாமை அவ்வளவு சீக்கிரம் வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரன் இல்லை. “அப்பவும் நரிக்கு உள்ள இடம், எனக்குச் சுவருக்கு வெளிய” என்றார்.

“உள்ள வந்து நீங்க பேசினா நரி எப்படிங்க உக்காரும்?”

அன்று இரண்டாவது தடவையாக அவர் வாயில் பேச்சு தீர்ந்தது.

மறுநாள் காலை பின்வாசலில் நின்று வாலுவைக் கூப்பிட்டார். கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியிலிருந்த காலடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“என்னைப் பத்தி ஏதோ எழுதப்போறேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே.”

“சும்மா, கொஞ்சமா எழுதலாம்னு.”

“நரி நம்ம வீட்டுக்கு வந்ததும் அதுல வருமா?”

“அது இல்லாம எப்படிப்பா. அதுதான முக்கியமான இடம்.”

“நேத்து சேத்துல நான் நெஜ நரியோட காலடியைப் பாத்தேன். கயிறு புடிச்ச மாதிரி ஒரே கோட்டுல போகுது. இது என்னடான்னா ரெண்டு வரிசையா, மாடிப்படி ஏறுற மாதிரி ஏறியிருக்கு.” அவர் விரலால் ஒவ்வொரு காலடியாகத் தொட்டுக்கொண்டே போனார். “இது வலது கால். இது வலது கால். இதுவும் வலது. நாலு காலும் வலது காலா இருக்கிற நரி இந்த உலகத்துலயே நம்ம வீட்டுக்கு மட்டும்தான் வந்திருக்கு. எழுதுறதா இருந்தா அதையும் சேத்து எழுது.”

வாலு வானத்தைப் பார்த்தாள். வானத்தில் உதவி எதுவும் இல்லை.

லிஃப்ட்காரர் கையை நீட்டினார். “லிஃப்ட் கதவுக்குப் போடுற ரப்பர், என் பையில ஒரு துண்டு குறையுது.”

வாலு பாவாடைப் பையிலிருந்து அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நக நுனிகளை விரலால் தடவினார். பிறகு அதை அவள் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினார்.

“நல்லாத்தான் வெட்டியிருக்கே. அடுத்த தடவை இடது காலும் ஒண்ணு வெட்டிக்கோ.”